முதலில் பிடிக்க வேண்டிய ஆள்

மாப்பிள்ளை,

வரிகள் மேலே ஏறியும் கீழே சரிந்தும் போகும். நீதான் பொறுத்துப் படிக்க வேண்டும். மேட்டில் முதல் கியரில் ஏறுகிற வண்டி மாதிரி என் கை போகிறது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் முதியோர் வகுப்பில் இந்த வருஷம்தான் சேர்ந்தேன். "பேனாவ ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிக்கிறீங்க" என்று உன் அக்கா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எழுபதைத் தாண்டி எழுத்து வந்திருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேற்று போனில் சார்ஜ் ஏறவில்லை என்று கடைவீதிக்குப் போனேன். கடைக்காரர் சூட்டுக்கோலை எடுத்து ஈயக் கம்பியைத் தொட்டார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் உன் வயரிங் கடையில் நிற்கிற மாதிரி இருந்தது. போனை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நோட்டை விரித்துவிட்டேன்.

திருவரங்குளம் கார் ஸ்டாண்டில் அப்போது ஐந்து வண்டிகள். முதல் வண்டிக்கு வாடகை கிடைத்துப் போனால், பின்னால் நிற்பவற்றை வரிசையாகத் தள்ளி முன்னே விடுவோம். ஸ்டார்ட் செய்தால் டீசல் வீண். ஆள் டீ குடிக்கப் போயிருந்தாலும் அவன் வண்டியை மற்றவர்கள் தள்ளி விடுவார்கள். அதற்காகவே எல்லோரும் சாவியை வண்டியிலேயே விட்டுப் போவது வழக்கம்.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வந்து வண்டியில் ஏறினேன். கால் கிளச்சை எட்டவில்லை. சீட் பின்னால் போயிருந்தது. கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே. ஸ்டாண்டில் என்னைவிட நெட்டையானவன் முருகையா ஒருவன்தான். எனக்குத் தெரியாமல் என் வண்டியை எடுத்து ஓட்டுகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். அவனிடம் கேட்கவில்லை. நேராக உன்னிடம் வந்து, என்னைத் தவிர எவனும் திருப்ப முடியாத மாதிரி ஸ்டியரிங்குக்கு ஒரு பூட்டு வேண்டும் என்றேன். யார், எதற்கு என்று நீ ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு அந்தப் பூட்டின் மேல் ஆசை வந்துவிட்டது.

மழைக்காலம் முழுக்க அதிலேயே கிடந்தாய். ஸ்டியரிங் தண்டில் ஒரு வளையம், வளையத்தில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் வந்து விழ விரல் தடிமனில் ஓர் இரும்பு முளை. சாவியில் பல்லே கிடையாது. தீப்பெட்டியில் பாதியாக ஒரு கறுப்புப் பெட்டி. அதைக் கிட்டே கொண்டுபோனால் உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டு அடையாளம் கண்டு முளையைத் தூக்கும். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. அதனால் திறந்தால் பச்சை, பூட்டினால் சிவப்பு என்று இரண்டு விளக்கு வைத்தாய்.

எனக்கோ அந்த முளையின் மேலேயே சந்தேகம். கண்மாய்க் கரை வளைவில் போகும்போது விழுந்து தொலைத்தால்? தண்ணீருக்குள்தான் இறங்க வேண்டும். இதைச் சொன்னதும் என்னை ஏற்றிக்கொண்டு அதே கரைக்குப் போனாய். வளைவுக்கு முன்னால், வண்டி ஓட ஓட, சாவியை எடுத்து ஜன்னல் வழியாக வீசினாய். ஸ்டியரிங் எப்போதும் போலத் திரும்பியது. வளைவைத் தாண்டி நிறுத்தி, இஞ்சினை அணைத்து, கதவைத் திறந்து மூடினாய். அப்போதுதான் உள்ளே 'டக்' என்று முளை விழுந்தது.

"இஞ்சின் நின்னுச்சா, சக்கரம் நின்னுச்சா, கதவு தொறந்துச்சா, மூணையும் கேட்டுட்டுத்தான் விழும். பூட்டு திருடனச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி தன்னையச் சந்தேகப்படணும் மச்சான்" என்றாய்.

"அதெல்லாம் சரி. இப்ப எப்படி வீட்டுக்குப் போறது?"

"சாவியத் தேடுவோம்."

சீமைக் கருவேல முள்ளுக்குள் இருட்டும்வரை தேடினோம். உன் சட்டை கிழிந்ததற்கு உன் அக்கா என்னைத்தான் திட்டினாள்.

பூட்டு மாட்டிய மறுநாளே வினை வந்தது. நான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடையில் இருந்தேன். முன்வண்டி கிளம்பியதும் மற்றவர்கள் வழக்கம் போல என் வண்டியைத் தள்ளியிருக்கிறார்கள். ஜன்னல் வழியாகக் கையை விட்டு முருகையா ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறான். அது அசையவில்லை. வண்டி நேராகப் போய்ச் சாக்கடையில் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டது. நான் ஓடி வந்தபோது மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பூட்டு போட்டிருக்கீங்க போலருக்கு. எங்கள்ல யாருண்ணே திருடன்? சொல்லிட்டுப் போங்க" என்றான் முருகையா.

நான் சீட் பின்னால் போன கதையைச் சொன்னேன்.

"ஒங்க வண்டில ஃபேன் இருக்கு. மத்தியானம் அரை மணி நேரம் கால நீட்டிப் படுத்தேன். அதுக்கா இரும்பு முளை?"

அதை நான் அன்றைக்கு நம்பவில்லை. இன்றைக்கும் முக்கால்வாசிதான் நம்புகிறேன். ஆனால் மற்றவர்கள் நம்பிவிட்டார்கள். பூட்டைக் கழற்று, இல்லை வரிசையை விட்டு வண்டியை எடு என்றார்கள். வரிசை இல்லாமல் எனக்கு ஏது பிழைப்பு?

கழற்றச் சொல்லி உன்னிடம் வந்தேன். நீ கழற்றவில்லை. ஐந்து வண்டிக்கும் பூட்டு, ஐந்து பேருக்கும் சாவி என்று ஒரு வழி கண்டுபிடித்தாய். எவன் சாவியைக் காட்டினாலும் எந்த வண்டியின் ஸ்டியரிங்கும் விட்டுக்கொடுக்கும், தள்ளிக்கொள்ளலாம். இஞ்சின் மட்டும் சொந்தச் சாவிக்குத்தான் பிடிக்கும். நாலு பேருக்கும் அது பிடித்துப்போனது. முருகையா மட்டும் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அஞ்சு சாவி செஞ்சவருக்கு ஆறாவது செய்யத் தெரியாதா?"

அவன் கேட்டதில் எல்லோர் முகமும் மாறியது. நீ சூட்டுக்கோலைக் கீழே வைத்தாய். "ஆறாவது எதுக்கு? சாவியே இல்லாம எல்லாத்தையும் தொறப்பேன். அதனால ஒண்ணு செய்ங்க. வண்டி காணாமப்போனா ஒருத்தர ஒருத்தர் பாக்காதீங்க. மொதல்ல என்னையப் பிடிங்க" என்றாய்.

இவன் ஏன் வலியப் போய்க் கழுத்தை நீட்டுகிறான், இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. ஆனால் அன்றோடு ஸ்டாண்டில் ஓரக்கண் பார்வை நின்றுபோனது. சாவியைப் பற்றி எவனும் எவனையும் கேட்கவில்லை.

தேரோட்டத்தன்று முருகையாவின் வண்டி காணவில்லை. தேர் வீதியில் நிறுத்திவிட்டு மாமனார் வீட்டு விருந்துக்குப் போனவன் திரும்பி வந்து பார்த்தால் இடம் வெறிச்சென்று இருக்கிறது. சாவி அவன் பையில். மற்ற நாலு சாவிக்கும் அந்த இஞ்சின் பிடிக்காது. ஐந்து பேரும் உன் கடைக்கு வந்தோம். ஊரே கோயிலில் இருந்தது. நீ மட்டும் கடையைத் திறந்து வைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாய். சேதி உனக்கு முன்பே வந்துவிட்டது.

"வாங்க. ஒங்களுக்காகத்தான் ஒக்காந்திருக்கேன். கடையத் தேடுங்க. ஸ்டேசனுக்குப் போறதுன்னாலும் வாரேன்."

முருகையா நிஜமாகவே உன் கையைப் பிடித்தான். நீ என்னைப் பார்த்தாய். நான் உன் கடைக் கதவைச் சாத்தத் திரும்பிக்கொண்டேன். எனக்கும் பாதிச் சந்தேகம் இருந்தது. அது உனக்குத் தெரிந்தது என்பதும் எனக்குத் தெரிந்தது.

ஸ்டேசனுக்கு நடக்கையில் டீக்கடைக்காரர் எதிரே வந்தார். "எங்கப்பா கூட்டமாப் போறீங்க? காரா? தேருக்கு வழி விடணும்னு இளவட்டமெல்லாம் தள்ளிப் பாத்தாய்ங்க, திரும்ப மாட்டேன்னுருச்சு. இருவது பேரு அப்படியே தூக்கிட்டுப் போயி ரைஸ்மில்லுக்குப் பின்னால வச்சிருக்காய்ங்க. பூட்டு செஞ்சவன் யாருன்னு விசாரிக்கிறாய்ங்க, இடுப்பு போச்சாம்."

முருகையா உன் கையை விட்டான். நீ மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "முளை நிக்குது மச்சான், இருவது பேருக்கும் நிக்குது" என்றாய். அந்த நேரத்தில் உனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் வண்டியில்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதி வழியில் நீ பேச்சை நிறுத்தினாய். அதற்கு மேல் அதை எழுத என் கைக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

நான் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. காலையில் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். எல்லாம் கம்பெனிப் பூட்டு வைத்த வண்டிகள். யார் செய்த பூட்டோ, யாரைப் போய்ப் பிடிப்பது? ஒரு ஜாக்கி காணாமல் போனாலும் மறுபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறார்கள்.

போன திங்கட்கிழமை டீக்கடைச் சுவரில் கரியால் ஏதோ எழுதியிருந்தது. சுவரில் இருப்பதை நான் வாசிப்பது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே வாசித்தேன்: "இங்கே டீயில் பால் தேடவும்."

அதுவரை கடைக்காரர் அதைக் கவனிக்கவில்லை. பாய்லரை விட்டு வெளியே வந்தார். "எவன் எழுதுனான்னு தெரியாம இன்னிக்கு ஒருத்தனுக்கும் டீ கெடையாது."

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். முருகையா என்னைப் பார்த்தான். "எதுக்கு ஊரெல்லாம் தேடணும்? வாசிக்கத் தெரிஞ்சவருக்கு எழுதத் தெரியாதா?"

சத்தியமாக நான் எழுதவில்லை மாப்பிள்ளை. அவன் தன் வலது கையைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருந்ததை நான் பார்த்தேன். ஆனால் எழுதியிருப்பேன் என்று என் மேல் ஒருவன் சந்தேகப்படுவது என் ஆயுசில் அதுதான் முதல்முறை. எழுந்து நின்று சொன்னேன்: "மொதல்ல என்னையப் பிடிங்க."

கடைக்காரர் ஒரு வாரத்துக்கு எனக்கு டீ இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு குடித்தார்கள். வருகிற திங்கட்கிழமை தடை நீங்குகிறது. அன்றைக்கு அந்தச் சுவருக்குக் கீழேயே உட்கார்ந்து உனக்கு எழுதப்போகிறேன். பேனாவும் கையுமாக எல்லோரும் என்னைப் பார்க்கட்டும்.