பெரிய வெள்ளிக்கு வந்த மலிவு ரிக்கெற்

அன்புள்ள சண்டைக்காரன் சவிரிக்கு,

உன்னை நான் மூன்று தரம் அடித்திருக்கிறேன். முதல் தரம் இருபது வயதில், வலை விரிக்கிற இடத்துக்காக. அன்றைக்கு உன் கடைவாய்ப் பல் மணலில் விழுந்தது. நீ என் காதுச் சோணையைக் கடித்துத் துப்பினாய். இரண்டாம் தரம் உன் தங்கச்சியின் கலியாணத்தில், என்னைப் பெற்ற அப்புவைப் பற்றி நீ சொன்ன ஒரு சொல்லுக்காக. மூன்றாம் தரம் அடித்ததைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் பெண்சாதி மாக்கிறேற். உன்னைப் புதைத்த பிறகு பத்து வருடம் என் முகத்தில் முழிக்காதவள். இன்றைக்கு என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, "கெதியாச் சொல்லுங்கோ அண்ணை, உலையிலை அரிசி கிடக்கு" என்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை ஸ்டெபனி போனில் முகம் தெரியக் கதைத்தாள். உன் மகளுக்கும் என் மகனுக்கும் பிறந்தவள், நீ காணாத பேத்தி. கனடாவில் இருக்கிறாள். போன வருடம் இங்கே வந்து தோட்டவெளி ஊர்ப் பெடியன் ஒருவனைக் கோயிலில் கைப்பிடித்துவிட்டுப் போனாள். டிலக்சன் என்று பெயர், வள்ளத்து என்ஜின் திருத்துகிறவன். தன்னிடம் அவனைக் கூப்பிட அவள் கொடுத்த மனுச் சரிவந்து இப்போது விசாவும் வந்துவிட்டது. பிளேன் ரிக்கெற்தான் இடித்துக்கொண்டு நின்றது. வேலையால் வந்து இரண்டு கிழமையாகப் போனைத் தடவித் தடவி மலிவு தேடியிருக்கிறாள்.

"அப்பப்பா, ஒரு ரிக்கெற் வந்திருக்கு. மற்றதுகளிலை பாதி விலை. ரெண்டு இடத்திலை மாறி ஏறவேணும், அது பரவாயில்லை. ஆனா நாள் பெரிய வெள்ளி. அம்மா உங்களைக் கேக்கச் சொன்னவ. கெதியாச் சொல்லுங்கோ, இந்த விலை கன நேரம் நிக்காது."

போனில் அவளுக்குப் பின்னால் உன் மகள் ஜெசிந்தா கோப்பை துடைத்துக்கொண்டு நின்றாள். துடைத்த கை நின்றது. ஆள் திரும்பவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, சவிரி. தாயும் சொல்லவில்லை, தகப்பனும் சொல்லவில்லை. நான் எந்த வாயால் சொல்வது?

நீ செத்த அந்த வருடமும் இப்படித்தான் ஒரு போன் வந்தது. அப்போது ஊரில் போன் இருந்தது கோயிலடியில் சுவாமியார் இருக்கிற அறைவீட்டில் மட்டும். நீயும் நானும் ஒரே காதுக்கு இடித்துக்கொண்டு நின்றோம். கலியாணம் முடித்து எட்டாம் மாதம் கனடாவுக்குப் போன என் மகன் யூட், அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். ஜெசிந்தாவுக்கு விசா கிடைத்துவிட்டது, அந்த மாதத்தோடு அது முடிகிறது. "பெரிய வெள்ளிக்கு ஒரு சீற் இருக்கு அப்பா. அண்டைக்கு ஏற ஆக்கள் இல்லை, அதுதான் மலிவு. ஈஸ்டர் கழிய விலை ஏறிடும். என்னாலை ஏலாது" என்று கத்தினான்.

"வெள்ளிக்குப் போடாதை" என்றேன்.

எங்கள் கரையில் பெரிய வெள்ளிக்கு வள்ளம் இறங்காது. ஆணி அடிக்க மாட்டோம், மீனில் கத்தி வைக்க மாட்டோம், ஒரு நேரக் கஞ்சியோடு சிலுவைப்பாதைக்குப் போவோம். அதை மீறிக் கடலுக்குப் போன ஒரே ஆள் என் அப்பு. எனக்கு அப்போது பத்து வயது. வள்ளம் தனியே திரும்பி வந்தது. நாலாம் நாள் அவர் கரை ஒதுங்கியபோது முகம் என்று ஒன்று இருக்கவில்லை. இடுப்புச் சாரத்தை வைத்து அம்மா அடையாளம் சொன்னாள். அன்று தொடக்கம் ஊர் எங்களுக்கு வைத்த பெயர் பெரிய வெள்ளிக்காரன் வீடு.

நீ சிரித்தாய். "கடலுக்குத்தானேடா தடை? பிளேன் வானத்திலையெல்லோ போகுது. ஆண்டவரும் அந்தப் பக்கம்தானே ஏறினவர்!"

"கடலுக்கு மேலாலைதானே போகுது" என்றேன். உனக்குச் சிரிப்பு நின்றது. எனக்கு விளையாட்டு இல்லை என்று அப்போதுதான் உனக்கு விளங்கியது.

ஜெசிந்தாவின் பாஸ்போட் என் வீட்டு அலுமாரியில், மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது. யூட் அதே போனுக்கு எடுத்து இன்னும் இரண்டு தரம் கெஞ்சினான். நான் அசையவில்லை. நான் கேளாமலே அவன் ரிக்கெற் எடுத்துச் சுவாமியாரின் கைக்கு அனுப்பிவிட்டான். அலுமாரியைப் பூட்டின திறப்பு என் அரைஞாணில் தொங்கியது.

பெரிய கிழமையின் புதன் காலை நீ இரும்பு அலவாங்கோடு வந்தாய்.

"திறப்பைத் தா."

"தரமாட்டன்."

"என்ர பிள்ளையடா அவள்!"

"என்ர மருமோள்."

அலவாங்கு இறங்கியது. என் பெண்சாதியின் சீதன அலுமாரி, இரண்டு குத்தில் கதவு பிளந்தது. மாதா படத்துக் கண்ணாடி வெடித்து என் காலெல்லாம் கிழித்தது. பாஸ்போட்டை இழுத்து மடியில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாய். போனவன் போயிருக்கலாம். நின்று திரும்பினாய்.

"கொப்பனைக் கடல் திண்டது நாளாலை இல்லையடா, குடிவெறியாலை. நிறை வெறியிலை வள்ளம் தள்ளினவன். ஊருக்கே தெரியும், பெரிய வெள்ளிக்காரன்ர மோனே!"

வேலியில் மரக்கோல் சாத்தியிருந்தது. களப்பில் வள்ளத்தை ஊன்றித் தாங்கித் தாங்கி என் கைக்குப் பழகின கோல். நீ படலையைத் தாண்டு முன்னம் உன் வலது முழங்காலில் இறக்கினேன். காய்ந்த பூவரசங் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. நீ விழுந்த பிறகும் ஒன்று போட்டேன். அந்த இரண்டாவது அடியை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

நீ பொய் சொன்னதற்காக அடிக்கவில்லை. அப்பு வள்ளம் தள்ளின அன்று விடிய என்னைக் கொஞ்சிவிட்டுப் போனார். வாயில் அடித்த சாராய மணம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது. நாள்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லாவிட்டால், வேறு எதைச் சொல்வது?

இந்த இடத்தில் மாக்கிறேற் பேனையை வைத்துவிட்டாள். எழும்பி அடுப்படிக்குப் போய், கன நேரம் கழித்து வந்து இருந்தாள். "ரெண்டாவது அடி எனக்குத் தெரியாது" என்றாள். பிறகு, "சொல்லுங்கோ" என்றாள்.

வெள்ளிக்கிழமை அந்தப் பிளேன் ஒரு வெறும் சீற்றோடு பறந்தது. நான் கஞ்சி குடித்துவிட்டுச் சிலுவைப்பாதையில் போய் நின்றேன். ஆண்டவருக்கு ஆணி அடித்த நாளென்று சுத்தியலைக் கையால் தொடாதவன், இரண்டு நாள் முந்தி உன் எலும்பை முறித்திருந்தேன்.

யூட் அங்கே ரிக்கெற் விற்கிறவனின் வாசலில் கிடந்து அதே ரிக்கெற்றில் அடுத்த வெள்ளிக்கு இன்னொரு சீற் பிடித்தான். மன்னார்த் தீவை விட்டு வெளியே போக ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டிய சண்டைக்காலம் அது. நீ காலுக்குப் பத்துப் போட்டு, தடி வைத்துக் கட்டி, வியாழன் காலை மகளோடு மன்னார் பஸ் நிலையத்துக்கு வந்தாய். நானும் வந்து நின்றேன்.

"நானும் வாறன், சவிரி."

"நீ ஏறினா நான் இறங்குவன்."

"உன்ர காலோடை எப்பிடியடா?"

"காலை உடைச்சவன் காலைப் பற்றிக் கதைக்கிறான். உங்கை நிக்குது கழுதையள், அதுகளோடை நில்லு. உனக்கு ஏத்த சபை."

பஸ்ஸுக்குள் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை. அதுதான் நீ என்னோடு பேசின கடைசிப் பேச்சு.

மிச்சம் ஜெசிந்தா யூட்டுக்குச் சொல்லி நான் அறிந்தது. சோதனை செய்கிற இடத்தில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டிருக்கிறார்கள். முன்னால் போன ஒரு வாகனத்துக்குக் கீழே கண்ணிவெடி வெடித்தது. பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் வெடி. யார் முதலில் சுட்டது, யாருடைய குண்டு யாரில் பட்டது, இன்று வரை ஒருவரும் சொல்லவில்லை. சனம் வாய்க்காலுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. நீ உன் மகளை முதுகில் உதைத்து உள்ளே விழுத்தினாய். நீயும் குந்தியிருந்தால் தப்பியிருப்பாய். கட்டுப் போட்ட கால் மடியவில்லை, சவிரி. தெருக்கரையில், தடியை ஊன்றிக்கொண்டு, கொடிமரம் மாதிரி நின்றாய். குண்டு கழுத்தால் போனது.

நீ அவளுக்கு மேலே விழுந்தாய். உன் இரத்தம் அவளுடைய கண்ணுக்குள்ளும் வாய்க்குள்ளும் போயிற்று. அவளுடைய காதில் நீ சொன்னது, "ரிக்கெற்றை நனைய விடாதை பிள்ளை."

செய்தி வந்ததும், பாஸுக்குப் பதிலாகச் சுவாமியார் எழுதித் தந்த துண்டோடு அன்றைக்கே நான் போய்ச் சேர்ந்தேன். ஆசுபத்திரி விறாந்தையில் ஜெசிந்தா கைப்பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். தலைமயிர் இரத்தத்தில் ஒட்டிக் காய்ந்திருந்தது.

"நான் போகேல்லை மாமா. அப்பாவைத் தாட்டுப்போட்டு யோசிப்பம்."

"அப்ப விசா முடிஞ்சிடும்."

"முடியட்டும்! எல்லாம் முடியட்டும்! உங்களாலைதானே..."

அவள் முடிக்கு முன் அறைந்தேன். திருப்பி என்னை அடித்தாள், நகத்தால் முகத்தைக் கிழித்தாள். இன்னொரு தரம் அறைந்தேன். கொழும்புக்குப் போக நின்ற ஒரு கன்னியாஸ்திரியிடம் அவளை ஒப்படைத்து, கையை முறுக்கிப் பஸ்ஸில் தள்ளினேன். அடுத்த நாள் அவள் பறந்தாள். கனடாவில் இறங்கும்போதும் நகத்துக்குள் உன் இரத்தமும் என் தோலும் இருந்ததாம். யூட் தான் சொன்னான்.

உன்னை மீன் லொறியில் கொண்டு வந்தேன். வேறு வாகனம் ஒன்றும் அந்தப் பாதையில் வரச் சம்மதிக்கவில்லை. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நீ கிடந்தாய், உன் தலை என் மடியில். சந்திக்குச் சந்தி மறித்து, உன் மேல் போட்ட துணியை இழுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தரமும் நான்தான் திரும்ப மூடினேன். வீட்டில் குளிப்பாட்டும்போது அந்த முழங்கால் கறுத்து, பூசணிக்காய் மாதிரி வீங்கி இருந்தது. மாக்கிறேற் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஊரெல்லாம் நிற்க என் முகத்தில் காறித் துப்பினாள்.

"துப்பினதோடை விட்டதுக்குச் சந்தோசப்படுங்கோ," என்கிறாள் எழுதிக்கொண்டே. "மீன் வெட்டுற கத்தி பக்கத்திலைதான் கிடந்தது."

பத்து வருடத்துக்குப் பிறகு ஸ்டெபனி கோயிலில் முதல் நன்மை வாங்கின படம் தாயிடமிருந்து இவளுக்கு வந்தது. கொண்டுவந்து என் மடியில் எறிந்தாள். "பாருங்கோ, உங்கடை மூக்கு. பாவம் பிள்ளை" என்றாள். அப்படித்தான் நாங்கள் திரும்பக் கதைக்கத் தொடங்கினோம்.

அந்தப் பிள்ளைதான் போன செவ்வாய் போனில் காத்துக்கொண்டு நின்றது. மாக்கிறேற் பக்கத்தில் இருந்து இடித்தாள். "என்ன அண்ணை, வாய் செத்துப்போச்சோ? விலை போகுதாம்."

"போடு பிள்ளை," என்றேன். "பெரிய வெள்ளிக்கே போடு."

"உண்மையாவோ? நீங்கள் ஏசுவீங்களெண்டு அம்மா சொன்னவ."

"என்ர அப்பு வெறியிலை செத்தவர், பிள்ளை. நாளிலை ஒரு பிழையும் இல்லை."

அவளுக்கு அது விளங்கவில்லை. "என்ன அப்பப்பா?" என்று சிரித்தாள். ஆனால் பின்னால் நின்றவள் திரும்பினாள். இத்தனை வருடமும் உன் மகள் என்னோடு சுகம் கேட்பாள், மழை கேட்பாள், அந்தத் தெருவைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. ஈரத் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு கிட்ட வந்தாள்.

"ஆர் மாமா டிலக்சனை ஏத்தப் போறது?"

"நான்."

முறுக்கின துணியை உதறித் தோளில் போட்டாள். "அப்ப வான் ஓட்டுறவனிட்டைச் சொல்லி முன் சீற்றிலை இருங்கோ. காலை நீட்டி இருக்கலாம்," என்றாள்.

அதைச் சொல்ல அவளுக்கு எப்படி மனம் வந்தது, சவிரி? நீ சொல்லியிருப்பாயோ?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பெரிய வியாழன் பூசை முடிந்ததும் நாங்கள் வெளிக்கிடுவோம். வழியில் எங்கும் நிற்க மாட்டேன், அந்த இடத்திலும் நிற்க மாட்டேன். முதலில் பெடியனைப் பிளேனுக்கு விடுவேன். அவன் உள்ளே போய்க் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் திரும்புவேன். வரும்போது அந்த வாய்க்காலடியில் வானை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். உன் கால் மடியாத இடத்தில் நான் முழங்காலில் நிற்பேன். என் முழங்காலும் இப்போது சொல்வழி கேட்பதில்லை; மடக்கினால் எழும்ப ஏலாது. மாக்கிறேற்றும் வருகிறாள். தூக்கி விடுவாளோ, அங்கேயே விட்டுவிட்டு வருவாளோ, அது அவள் பாடு. நான் கேட்டேன். "அண்டைக்குப் பாப்பம்" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் காலை உடைத்த சம்பந்தி,
பெரிய வெள்ளிக்காரன் மகன்
மடுத்தீன்
(கைநாட்டு)