ஊர் கேட்ட மன்றாட்டு

மெழுகுவத்தியை ஊதி அணைத்ததும் எழுகிற அந்தக் கருகல் வாசம் எனக்கு ஆகவே ஆகாது. கரண்ட் போனால்கூட செல்போன் வெளிச்சத்தில்தான் சமைப்பேன். போன வாரம் அந்த வாசம் திருவான்மியூரில் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. உன் பேத்தி புதுநன்மை, அதுதான் முதல் நற்கருணை, வாங்கப் போகிறாள். தினமும் பிள்ளையோடு உட்கார்ந்து வீட்டில் செபம் சொல்ல வேண்டும் என்று மறைக்கல்வி டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாதா சுரூபத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, செபம் முடிந்து அணைத்ததும் அந்த வாசத்தோடு நீயும் வந்து நின்றாய் அம்மா. வராமலே இருந்திருக்கலாம்.

பெசன்ட் நகர் குப்பத்து வீட்டில் நீ எங்களை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. தெருவே அதை மெச்சியது. உனக்கு அடி தேவைப்படவில்லை. திட்ட வேண்டியதையெல்லாம் சாயங்காலச் செபத்தில் ஆண்டவரிடம் சொல்லிவிடுவாய். மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்து, குளித்து, முக்காடு போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, முழங்காலில் நின்று எங்களைப் போட்டுக் கொடுப்பாய்.

"ஆண்டவரே, குடிச்சிட்டு வந்து குந்திக்கினு கீற என் வூட்டுக்காரருக்கு நல்ல புத்தி குடுத்தருளும்."

பக்கத்தில் இருக்கும் அப்பா எல்லோரையும் விட உரக்க "ஆமென்" என்பார். அவருக்கு உறைக்காது. எனக்கு உறைத்தது.

அன்பியக் கூட்டம் நம் வீட்டில் நடந்த அந்தச் சாயங்காலம் உனக்கு நினைவே இருந்திருக்காது. தெருவிலுள்ள நம் சபைக் குடும்பங்கள் முறைவைத்து வீட்டுக்கு வீடு கூடிச் செபிக்க வேண்டும், அன்று நம் முறை. கூடம் கொள்ளாத ஜனம். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்காரும் எதிர்வீட்டு ஃபிலோமினாவும் வந்திருந்தாள். எனக்குப் பத்து வயது. ஆளாளுக்கு வேண்டுதல் சொல்லும் மன்றாட்டு நேரம் வந்ததும் நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

"ஆண்டவரே, இம்மாம் பெரிய பொண்ணாகியும் பாயில ஒண்ணுக்குப் போற என் மகளைத் தொட்டு சொகமாக்கும்."

அத்தனை பேரும் ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். ஃபிலோமினாவும் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

எல்லோரும் சுண்டல் தின்றுவிட்டுப் போன பிறகு உன்னிடம் அழுதேன்.

"ஆண்டவருக்குத் தெரியாததா? அவராண்ட சொல்றதுக்கு இன்னாடி வெக்கம்?" என்றாய்.

"அவருக்குத் தெரிஞ்சா சரி. ஃபிலோவுக்கு ஏம்மா தெரியணும்?"

"நாலு பேரு சேர்ந்து கேட்டா சீக்கிரம் குடுப்பாரு."

நீ அதை நிஜமாகவே நம்பினாய். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் உன்னை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்த வருஷம் முழுக்க என் பக்கத்தில் உட்கார வந்தவர்கள் பெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அதோடு என் செபம் போயிற்று. பூசைக்குப் போவேன், வாய் அசையும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஆண்டவரிடம் எதைச் சொன்னாலும் அது தெருவுக்குப் போய்விடும் என்று ஒரு பயம். நாற்பதைத் தாண்டியும் அது போகவில்லை.

நீ போய்ச் சேர்ந்த முப்பதாம் நாள் செபத்தில் அதே அன்பியத்துப் பெண்கள், "அம்மாவுக்காக ஒரு மன்றாட்டு சொல்லும்மா" என்றார்கள். உன்னைப் பற்றி எல்லோர் முன்னாலும் ஆண்டவரிடம் சொல்ல என்னிடம் நிறையவே இருந்தது. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். துக்கம் இல்லை அம்மா, கோபம்.

என் மகளுக்காவது செபம் மிஞ்ச வேண்டும். போன வாரம் எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான். முழங்காலிட்டதும் அவள் கேட்டாள்:

"சத்தமா சொல்லணுமாம்மா?"

"வேணாம். உள்ளுக்குள்ள சொல்லு."

"அப்ப உனக்குக் கேக்காதே?"

"எனக்கு எதுக்குடி கேக்கணும்?"

கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். முடித்துவிட்டு, "உன்னப் பத்தியும் சொன்னேன்" என்றாள். என்ன சொன்னாய் என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உன் மகள்தானே நான். விழுங்கிவிட்டு, "சரி, சாப்பிட வா" என்றேன்.

இப்போது தினமும் அப்படித்தான். அவள் சொல்கிறாள், நான் பக்கத்தில் இருக்கிறேன், என்னவென்று கேட்பதில்லை. உன்னிடம் பட்டுத் தெரிந்துகொண்டது இது ஒன்றுதான். இதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.