ஒரு முள் கூட்டி வரைந்திருந்தால்

என் அருமை ஏனுங்க அவர்களுக்கு,

வேறு எப்படி அழைப்பது? கல்யாணமான நாளிலிருந்து உங்களை நான் கூப்பிட்டது அந்த ஒரு சொல்லால்தான். புருசன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று ஆத்தா சொல்லி வைத்திருந்தாள். ஒருநாளும் சொல்லவில்லை. அப்படியும் மலைக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இந்தக் கடிதம் யார் கையிலாவது சிக்கினால் நாலு பேர் படிப்பார்கள். அதனால் இதில் யார் பெயரும் இருக்காது, என்னுடையதும்கூட. பயம்தான். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வீர்களே, அது இப்போது கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. மதராஸில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்தேன். பட்டணமே காலியானபோது காளப்பநாயக்கன்பட்டியில் வண்டியை விட்டிறங்கி, உங்கள் கண்ணாடிப் புட்டிகளை ஆட்கள் தலையில் ஏற்றி, கொல்லிமலையில் என்னைப் பெத்த ஐயனின் மிளகுத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். இங்கே குண்டு விழவில்லை, கொசு கடித்தது. இப்போது உடம்பு லேசாகச் சிலிர்த்தாலும் எனக்கும் காய்ச்சலோ என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

உங்கள் புட்டிகளின் சேதிக்கு வருகிறேன். அதற்குத்தானே காத்திருப்பீர்கள்?

கரையோரக் கடலடி மணலில் புதைந்து கிடக்கும் அந்தச் சின்ன உயிரை நீங்கள் கூமேசியா என்பீர்கள், இறாலுக்கும் நண்டுக்கும் பங்காளி முறை என்பீர்கள். தலையும் நெஞ்சும் பருத்து, வால் நூலாக இளைத்து, உடைந்த அரிசி அளவில் இருந்ததைப் பார்த்து நான் குருணை என்று பெயர் வைத்தேன். காலேஜ் வேலை முடிந்ததும் கட்டுமரக்காரர்களோடு போய் வலையில் அடிமணலை அரித்துக்கொண்டு வருவீர்கள். நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் படம் வரைவேன். அடுப்பில் குழம்பு தீய்ந்த நாட்கள் நிறைய. நீங்கள் தீய்ந்ததையும் சாப்பிட்டீர்கள்.

ஒரு பெண் குருணையின் வால்தகட்டில், ஒரு பக்கத்தில் நாலு முள் கண்டு குழந்தை மாதிரி குதித்தீர்கள். சீமைப் புத்தகத்தில் இருந்த இனத்துக்குப் பக்கத்துக்கு மூன்றுதான். ஆனால் புத்தகத்தில் இருந்தது ஆணின் படம், நம் கையில் இருந்தது வால் பாதி உடைந்த ஒரு பெண். வளர்ந்த ஆண் ஒன்று கிடைத்து, அதற்கும் நாலு இருந்தால் இது யாரும் பெயர் வைக்காத புது இனம் என்றீர்கள். இன்னும் பார்க்காமல் ஒரே ஒரு புட்டி மிச்சமிருந்தது. அதைத் திறக்கும் முன்னே நீங்கள் படுத்துவிட்டீர்கள்.

நீங்கள் போனபின் எனக்குள் ஓர் ஆசை முளைத்தது. கண்டவர் தன் பெயரைத் தானே சூட்டக்கூடாது, இன்னொருவர் சூட்டலாம் என்று சொல்லியிருந்தீர்கள். நான் சூட்டுவேன் என்று முடிவு செய்தேன். என் வாயால் சொல்லாத பெயரைச் சீமைப் பண்டிதர்களெல்லாம் சொல்லட்டும்.

ஆசை இருந்தது, குருணைகளைக் கெடாமல் ஊறவைக்க ஸ்பிரிட் இல்லை. தக்கை சுருங்கி, புட்டியில் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் போனால் குருணைகள் காய்ந்து கருவாட்டுப் பொடியாகிவிடும். யுத்தகாலத்தில் ஸ்பிரிட்டுக்கு எங்கே போவேன்? நம் ஜில்லாவிலோ மதுவிலக்கு. சாராயத் துளி அகப்பட்டாலும் ஜெயில். என் ஐயனோ சாராய வாடை அடிக்கிற ஊட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவர்.

இருந்தும் ஐயனுக்குத் தெரியாமல் கேட்டேன். மலைமேல் குண்டனி நாட்டுப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் சாமைக் கூடைக்குள் ஒரு சீசாவை மறைத்துக் கொண்டுவந்தார். பலாச்சுளையில் வடித்த சாராயத்தின் முதல் தண்ணி. ஒரு துளியைத் தரையில் விட்டுக் கொளுத்திக் காட்டினார், நீலமாக எரிந்தது.

"பூச்சி இதைத் தாங்குமுங்களாம்மா?" என்றார்.

"அது செத்துப்போனதுங்க," என்றேன்.

"அப்பச் சரிதானுங்க," என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப்பின் நாய் குரைத்தாலும் போலீஸ் என்று தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வந்தது முழுவதையும் உங்கள் புட்டிகளில் ஊற்றி, சீசாவைக் கழுவிக் கவிழ்த்தேன். அறை முழுவதும் பலாவாசம். இறால் நாற்றத்தோடு சேர்ந்த பலாவாசத்தை நீங்கள் முகர்ந்ததில்லை, கொடுத்துவைத்தவர்.

மறுநாள் காலையில் கடைசிப் புட்டியைத் தட்டில் கவிழ்த்து ஊசியால் மணலை விலக்கினேன். பெண்கள், குஞ்சுகள், உடைசல்கள். அப்புறம் ஒன்று, மீசை வால்வரை நீண்டு கிடந்தது. ஆண். அதை மட்டும் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுச் சாராயத்தில் வைத்தபோது, வாசலில் ஐயன் யாருக்கோ கும்பிடு போடும் சத்தம் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். சிவப்புத் தலைப்பாகை, போலீஸ்.

ஒளித்து வைத்தால் அந்தச் சொட்டு காய்ந்து ஆண் சுருண்டுவிடும். அதுபோல இன்னொன்று எனக்கு எங்கே கிடைக்கும்? கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து எண்ணினேன். மூன்று. மறுபக்கமும் மூன்று.

சாராயச் சோதனைக்கு வந்த கான்ஸ்டபிள் உள்ளே வந்து மூக்கைச் சுளித்தார். ஒரு புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பட்டணத்தில் யாரோ கொடுத்தது என்றும் சொல்லியிருக்கலாம்.

"எங்க ஊட்டுக்காரருதுங்க."

"பேரு?"

சொன்னேனுங்க. ஐயன் முன்னால், வாய்விட்டு, முழுப்பெயரையும் சொன்னேன். பயத்தில்தான் வந்தது. ஆனால் வந்தபின் எனக்கே அந்தப் பெயர் கேட்க நன்றாக இருந்தது.

கான்ஸ்டபிள் தக்கையைத் திருகப் போனார். ஐயன் குறுக்கே வந்தார். "என்ற மாப்பிள்ள படிப்புக்கு வெச்ச பூச்சிங்க அது. செத்த மனுசன் சொத்து. தொறக்க வேண்டாங்க." மலையில் மதுவிலக்குக்காகக் கூட்டம் கூட்டிய மனிதரின் வார்த்தை அது. கான்ஸ்டபிள் புட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

ஐயனுக்குப் பலாவாசம் தெரியாதா? அன்றைக்கு முழுவதும் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. மறுநாள் அவரே செம்பை நீட்டினார்.

உங்கள் பழைய பெண்ணையும் எடுத்துப் பார்த்தேன். நாலாவது என்று நினைத்தது முள் இல்லை, ஒட்டியிருந்த ஒரு மயிர். ஊசியால் தொட்டதும் விலகிப் போனது. இதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்றே இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். கோபமா உங்களுக்கு?

படம் வரைய உட்கார்ந்தபோதுதான் நிஜமான பயம் பிடித்தது. போலீஸ்மேல் அல்ல, என்மேல். ஒரு முள். பேனா நுனியால் ஒரே ஒரு கோடு கூட்டிப் போட்டால் அது புது இனம். அதற்கு உங்கள் பெயர். கப்பல் ஓடாத காலத்தில் யார் வந்து எண்ணிப் பார்ப்பார்கள்? பேனா தாளுக்குமேல் நின்றது. மை சொட்டி ஒரு தாள் பாழானது.

போலீஸ்காரர் முன்னால் ஜெயிலுக்குப் பயந்து நடுங்கியபோதும் உங்கள் பெயரோடு பொய்யைச் சேர்க்காதவள், யாருமில்லாத அறையில் எப்படிச் சேர்ப்பேன்? மூன்றுதான் வரைந்தேன். கோடுகள் கொஞ்சம் நடுங்கியிருக்கின்றன, திருத்தவில்லை. அந்தக் குருணைக்கு எப்போதோ யாரோ வைத்த பெயரே இருக்கட்டும்.

யுத்தம் முடிந்ததும் புட்டிகளை மதராஸுக்கு எடுத்துப் போவேன். மலையிறங்கப் பயம், பட்டணத்துக்குப் பயம், தனியாகப் போகவும் பயம். ஆனாலும் போவேன். புட்டிகளை அங்கே வாங்கிக்கொள்கிறவர் யாருடையது என்று கேட்பாரல்லவா? இந்தமுறை நடுங்காமல் சொல்கிறேனுங்க.

இனி உங்கள் பெயரைச் சொல்லப்போகும்,
உங்கள் ஊட்டுக்காரி.