வைத்தவர் கையில்தான்

பெம்பினா, வடக்கு டகோட்டா
வியாழக்கிழமை

அன்புத் தம்பி ராய்சுக்கு,

வெல்டா அக்கா எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. லாரிக்காரர்கள் பூட்ஸோடு சேற்றைக் கொண்டுவந்து கடை முழுக்க அப்புகிறார்கள். திட்டினால், காப்பி நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

நேற்று உன் சிநேகிதன் டெல்பர்ட் கனடாவில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பினான். அங்கே துப்பாக்கியை உள்ளே விடமாட்டார்கள் என்று எல்லை தாண்டுமுன் என் இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனதை வாங்கிக்கொண்டான். அப்புறம், "ராய்ஸோடதையும் குடுங்கக்கா. அடுத்த வாரம் வண்டி எடுக்கறானாம். லாரி நிறுத்துற எடத்துல திருட்டு ஜாஸ்தி, கையில ஒண்ணு இல்லாம கண்ண மூட முடியாதுன்னு சொல்லி விட்டிருக்கான்" என்றான்.

நான் கொடுக்கவில்லை. வைத்தவர் கையில்தான் கொடுப்பேன், அதுதான் இந்தக் கடைச் சட்டம் என்றேன். அவன் நம்பிவிட்டான். உன்னிடம் அந்தப் புளுகு செல்லாது. உன்னிடமே ஒருமுறை அடுத்தவன் துப்பாக்கியைக் கொடுத்தனுப்பியவள்தானே நான்.

அதனால் நேராகவே சொல்கிறேன். உன் மனைவி மார்லாவை அடக்கம் செய்துவிட்டு முதல் தடவை வண்டியோடு வந்தாயே, அன்று திரும்பும்போது துப்பாக்கியை நீ வாங்கிக்கொள்ளவில்லை. "இங்கயே இருக்கட்டும்க்கா. வண்டிக்குள்ள நானும் இதுவும் மட்டும் இருக்கறது சரியில்ல" என்றாய். நான் காதில் விழாத மாதிரி காப்பி ஊற்றினேன். அன்று உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நேற்று டெல்பர்ட் உன் ரேடியோவைப் பெருமையாகக் காட்டினான். "சும்மாவே குடுத்துட்டான்க்கா, நாயக்கூட பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டான்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருடனுக்குப் பயப்படுகிறவன் குரைக்கிற நாயைக் கொடுப்பானா?

உடனே உனக்குப் போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. டெல்பர்ட்டைத் திரும்ப உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்பட்டுக்கொள். இந்தக் கடிதத்தோடு அவன் நேரே உன் வீட்டுக்குத்தான் வருகிறான். நீ விரட்டினாலும் போகமாட்டான். ஓசிச் சோறு இருக்கிற இடத்தைவிட்டு அவன் என்றைக்கு நகர்ந்தான்? மருத்துவரிடம் அவனே உன்னைக் கூட்டிப் போவான். மறுக்காமல் போ. நாயையும் திரும்ப வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

துப்பாக்கிக்குப் பதிலாக, கறியும் உருளைக்கிழங்கும் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, அடுப்பில் சுட்டு அனுப்பியிருக்கிறேன். ஓரத்துக் கருகலைச் சுரண்டித் தின்ன உன்னை விட்டால் இந்தக் கடையில் ஆளே இல்லை. டெல்பர்ட்டுக்கும் கொஞ்சம் வை.

நீ இல்லாமல் போனால் என்னால் தாங்க முடியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கண்ணாடிப் பாத்திரம் என்னுடையது. அதை டெல்பர்ட்டிடம் கொடுத்தனுப்பினால் வாங்கமாட்டேன். கழுவாமலே கொண்டு வா, பரவாயில்லை. உன் கையால் கொண்டு வா. அதற்கும் அதே சட்டம்தான்.

ஜன்னலோரம் உன் மேசையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கும்,
வெல்டா அக்கா