கொம்பையாவின் ஊர்மிளை

சேரப்பணஞ்சேரி
8.7.2025

அக்கா பெற்ற செல்வம் கலைமதிக்கு மாரி மாமா எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் அம்மாவின் முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது.

'வாயால் சொல்ல முடியாததையெல்லாம் ஊர்மிளை என்று நாவலாக எழுதிவிட்டேன், அச்சானதும் அனுப்புகிறேன்' என்று எழுதியிருந்தாய். அதுவரை பொறுக்கிற ஆளா நான்? தாம்பரம் புத்தகக் கடைக்குப் போய், 'ஊர்மிளை குடுப்பா' என்றேன். கடைக்காரன் எழுந்து நின்று கொடுத்தான். அட்டையில் கொம்பையா என்று ஆம்பிளைப் பேர்! உன் புருஷன் எழிலரசன் கண்ணில் படாமல் இருக்கத்தானே? மாமனுக்குத் தெரியாதா!

ஒரே மூச்சில் மூன்று தடவை படித்தேன். டீக்கடையில் நாற்பது பேருக்கு வாசித்தும் காட்டினேன். மாஸ்டர் அழுத அழுகையில் பால் பொங்கி அடுப்பே அணைந்துபோனது. "இன்னா மாரி, உன் அக்கா பொண்ணா எழுதிச்சி இத்த?" என்றார்கள். "பின்ன? நான் சொல்லச் சொல்ல எழுதிச்சிப்பா" என்றேன்.

பதினாலு வருஷம் கழித்து வரும் லட்சுமணனுக்கு ஊர்மிளை கால் கழுவி ஆரத்தி எடுக்கிறாளே, அங்கேதான் உன் மனசு புரிந்தது. அவனை விட்டு வந்து மூன்று வருஷமாக நீ தவித்தது இதற்குத்தானா! ஞாயிற்றுக்கிழமையே எழிலரசனைப் பார்த்து, உன் ஹாஸ்டல் முகவரியை என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆரத்தித் தட்டோடு நில்லு தாயி.

உன் மாமன்
மாரி


வல்லம் வடகால்
13.7.2025

மாமா,

அது என் புத்தகம் இல்லை. அந்தப் பெயரில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். கொம்பையா யாரென்றே எனக்குத் தெரியாது. என்னுடையது வெள்ளிக்கிழமைதான் அச்சாகி வந்தது. இத்தோடு வைத்திருக்கிறேன். அட்டையில் என் பெயர்தான் இருக்கிறது.

என் ஊர்மிளை கதவைத் திறக்கவில்லை. ஏன் என்பது எழுபதாம் பக்கத்தில் இருக்கிறது.

நேற்று ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினேன். ஹாஸ்டல் வாசலில் எழிலரசன் நின்றிருந்தார். "இன்னாடி, ஆரத்தி கரைக்கலையா?" என்று முடியைப் பிடித்தார். என் லைனில் வேலை செய்யும் ஐஸ்வர்யாவும் மற்றப் பெண்களும்தான் பிரித்து உள்ளே இழுத்தார்கள். வார்டன் காலி செய்யச் சொல்லிவிட்டார். இன்றே கிளம்புகிறேன். எங்கே என்று எழுதமாட்டேன்.

அம்மாவுக்கும் கொடுக்காத முகவரியை உங்களுக்கு மட்டும் கொடுத்திருந்தேன். டீக்கடையில் நாற்பது பேரிடம் பேசினீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கலைமதி


சேரப்பணஞ்சேரி
9.8.2025

ஊர்மிளை எழுதிய கலைமதி அவர்களுக்கு, பதிப்பகத்தார் மூலமாக.

ஹாஸ்டலுக்குப் போட்ட நாலு கடிதமும் திரும்பி வந்துவிட்டன. வாசகர் கடிதம் என்றால் எழுத்தாளரிடம் சேர்த்துவிடுவார்களாமே, அதனால் இப்படி எழுதுகிறேன்.

கொம்பையாவை மூன்று தடவை படித்தேன் என்றது பொய். கடைசி இரண்டு பக்கம்தான் படித்தேன். உன்னுடையதை எழுத்துக்கூட்டி முதலிலிருந்து படித்தேன். எழுபதாம் பக்கத்தில், புருஷன் தோசைத் திருப்பியைக் காய்ச்சி அவள் முதுகில் வைக்கிற இடத்தில் மூடிவிட்டேன். ஒரு வாரம் திறக்கவில்லை. உன் கல்யாணத்துக்கு அந்தச் சாமானெல்லாம் மாமன் சீராக நான்தான் வாங்கி வைத்தேன்.

நேற்று எழிலரசன் வந்தான். "எங்க கீறா அவ?" என்றான். தெரியாது என்றேன். "வாயத் தொறந்தா பொய்யி" என்று காறித் துப்பிவிட்டுப் போனான்.

உன் அம்மாவும் நம்பவில்லை. "நீதான் எங்கியோ பத்திரமா வெச்சிகினு கீற, எனுக்குத் தெரியும்டா" என்று சிரிக்கிறாள். உனக்குக் கொடுக்கச் சொல்லி, முட்டிவலியோடு உட்கார்ந்து முறுக்கு சுட்டுத் தருகிறாள். வாரம் ஒரு டப்பா. நானும் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு
வாசகன்,
மாரி