மாமி இருந்த முன் சீற்

09.02.2025 ஞாயிறு

கார் இன்று முனகக்கூட இல்லை. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இதற்கு முதல் இருமி இருமியாவது உயிர் வரும்.

தவறு என்னுடையது. ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு என் கணவர் சொன்னார்: “கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி உடு. சும்மா கெடந்தா செத்துரும்.” வீட்டைப் பற்றியோ மகளைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஸ்டார்லெட்டைப் பற்றித்தான் சொன்னார். நாங்கள் வாங்கிய முதல் கார், ஒரே கார். றிபா பிறந்து ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதில்தான், அவர் ஆசுபத்திரிக்குப் போனதும் அதில்தான்.

அவர் மவுத்தான பிறகு நான் அதன் பக்கம் போகவில்லை. புருசனை இழந்து நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தாவில் இருக்கிறவள் காருக்குள் ஏறி இருக்கிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். மதில் உயரமாகத்தான் இருக்கிறது, கேற்றும் பூட்டித்தான் கிடக்கிறது. பிறகு என்ன பயம்?

இத்தா முடிய மே மாதமாகும். அதுவரை வாசல் தாண்டமாட்டேன், அந்நிய ஆண் முன்னால் வரமாட்டேன், மணம் பூசமாட்டேன். மெக்கானிக்கையும் வளவுக்குள் கூப்பிட முடியாது. கடற்காற்று மட்டும் கேற்றைப் பார்த்து நிற்பதில்லை. சக்கரத்துக்கு மேலே துரு பொரிந்து கிடக்கிறது.

12.02.2025 புதன்

அவர் இருக்கும்போது காரைப் பார்த்த மெக்கானிக் நற்பிட்டிமுனை பிரசாந். இன்று றிபா அவருக்கு ஃபோன் எடுத்து, சத்தம் வெளியில் கேட்க வைத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“தங்கச்சி, பற்றரி வாயில வெள்ளையா பூத்திரிக்கும், பாருங்க. அப்பச் சோடாவ சுடுதண்ணில கரைச்சு ஊத்தச் சொல்லுங்க உங்கட உம்மாவ. பழைய பல்லுத் துலக்கிற பிரஷ்ஷால நல்லா உரசணும். காஞ்ச பிறகு வாசலின் பூசி இறுக்கச் சொல்லுங்க.”

“உம்மா செய்வாவா தெரியா, அங்கிள்.”

“செய்வா. கார்ச் செலவுக் கணக்கெல்லாம் கொப்பில அவ்வளவு வடிவா எழுதுற ஆள், இது என்ன பெரிய வேலையா?”

செய்தேன். ஸ்பேனர் எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதே இன்றுதான் தெரியும். சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது! வளவே அதிர்ந்தது. றிபா கை தட்டினாள். நான் சிரித்தேன், வாய் விட்டு.

அவரை அடக்கி எத்தனை நாள் ஆகிறது? நான் சிரித்தேன்.

14.02.2025 வெள்ளி

மாமி வந்தார். என் கணவரின் உம்மா. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு வந்துவிடுகிறார். வீட்டுக்குள் வருவதில்லை. நேரே போய்க் கார்க் கதவைத் திறந்து, முன் சீற்றில் இடது பக்கம் இருந்து, கதவைச் சாத்திக்கொள்கிறார். பின்னேரம் அசர் பாங்கு சொன்னால் இறங்கிப் போகிறார்.

இன்று வெயில் கடுமை. தேத்தண்ணி கொண்டுபோனேன். வியர்வையில் முக்காடு நனைந்திருந்தது. கண்ணாடியை இறக்கப் போனேன்.

“தொறக்காத மகள். மணம் போயிரும்.”

மகனுடைய மணம். சந்தன அத்தர் தொட்ட பஞ்சைக் காற்று வருகிற ஓட்டையில் செருகி வைத்திருப்பார். அந்த அத்தரும் வியர்வையும் சீற் துணிக்குள்ளேயே ஊறிவிட்டன.

“இது ஒண்டுதான்கா எனக்கு. கலியாணம் முடிச்ச அண்டைக்கே பெட்டியத் தூக்கிட்டு ஒன்ட ஊட்டுக்கு வந்துட்டான். என்ட ஊட்டுல அவன்ட சாரன்கூட இல்ல.”

எங்கள் ஊரில் எல்லா ஆண்பிள்ளைகளும் அப்படித்தான், பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அவருடைய உடுப்பெல்லாம் என் அலுமாரியில் இருக்கிறது. ஒன்றைக் கொடுக்கட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. கொடுக்க மனமில்லாமலா?

23.02.2025 ஞாயிறு

துருவை உப்புத்தாளால் தேய்த்தேன். உள்ளே இரும்பு பளிச்சென்று தெரிந்தபோது நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. நடுப்பகல் ளுஹருக்குப் பாங்கு சொன்னது காதில் விழவில்லை. றிபா வந்து சொன்னாள். தொழுகையிலும் அடுத்தது சிவப்பு ஒக்சைட் பூச வேண்டும் என்றுதான் ஓடுகிறது மனம்.

யா அல்லாஹ், இது என்ன?

02.03.2025 ஞாயிறு

முதல் நோன்பு. தாங்கியில் கிடக்கிற பழைய பெற்றோலை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றச் சொன்னார் பிரசாந். குழாயை விட்டு வாயால் இழுத்தால் வருமாம்.

“அங்கிள், நாங்க நோன்பு.”

“ஐயோ, நான் கூடாத ஆள் தங்கச்சி. நோன்பு திறந்த பிறகு இழுக்கச் சொல்லவும் ஏலா, கஞ்சிக்கு மேல பெற்றோல் சரி வராது.”

கடைசியில் கை கழுவுகிற சவர்க்காரப் போத்தலின் பம்பைக் கழற்றிக் குழாயில் பொருத்தினேன். சொட்டுச் சொட்டாக வந்தது, ஆனால் வந்தது. மணம் தலையைச் சுற்றியது. பெற்றோல் மணமும் மணம்தானே, இத்தாவில் ஆகுமா என்று றிபா பகடி பண்ணினாள். ஏசினேன்.

ஆனால் அவள் சொன்னது மனசுக்குள் இருக்கிறது.

06.03.2025 வியாழன்

நேற்று முழுக்க அதையே யோசித்தேன். இத்தாவில் மணம் கூடாது. நான் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் அந்தக் காருக்குள் இருக்கிறேன். இறங்கினால் என் முக்காட்டில் அத்தர் மணக்கிறது. அப்படியென்றால் நான் பூசிக்கொண்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அலுமாரியில் இருக்கிற மார்க்கச் சட்டக் கிதாபை எடுத்து அந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. நானே வாசித்து நானே விளங்கிக்கொள்வதுதானே என் பழக்கம்.

இன்று ஸஹர்ச் சாப்பாடு முடிந்து வெளிச்சம் வந்ததும் தொடங்கினேன். சீற் உறைகளைக் கழற்றிச் சவர்க்காரத் தூளில் ஊற வைத்தேன். உள் மெத்தையையும் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கறுப்பாகத் தண்ணீர் ஓடியது. பஞ்சைப் பிடுங்கிக் குப்பையோடு எரித்தேன். நான்கு கதவையும் விரியத் திறந்து அந்திவரை வெயிலில் போட்டேன்.

சீற்றுகள் புதிதைப் போல வந்துவிட்டன. எவ்வளவு நல்ல நிறம், இத்தனை வருடம் தெரியவே இல்லை.

07.03.2025 வெள்ளி

மாமியை மறந்துவிட்டேன்.

எப்படி மறந்தேன்? ஒரு நாள் முழுக்கத் தேய்த்தேனே, ஒரு தரமாவது அந்த முகம் மனசில் வந்திருக்கக் கூடாதா?

ஜும்ஆவுக்குப் பிறகு வழமைபோல வந்தார். கதவைத் திறந்தார், ஏறினார், சாத்தினார். நான் குசினி ஜன்னலில் பார்த்துக்கொண்டு நின்றேன், அப்போதுதான் சீற் கழுவினது நினைவுக்கு வந்தது. ஓடினேன். அதற்குள் இறங்கிவிட்டார். சீற்றில் கையை வைத்துத் தடவி, கையை மூக்கில் வைத்துப் பார்த்தார்.

“கழுவிட்டியா?”

“இத்தால மணம் கூடா மாமி. அதுக்காகத்தான்—”

“ஓம். நீ ஓதின ஆள். சரியாத்தான் செஞ்சிரிப்பாய்.”

கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். கதவை மூடாமலே போய்விட்டார்.

08.03.2025 சனி

பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிற பஸ்மிலா நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். கேட்டேன்.

“நீங்க எடுத்துப் பூசுறதுதான் கூடா ராத்தா. அவர் வெச்ச மணம் அவர்ட காருல இரிந்தா அதுக்கு நீங்க என்ன செய்யிற? அவ்வளவு மனசுக்குச் சரியில்லாட்டி நீங்க ஏறாம இரிந்திருக்கலாம். எனக்கு ஒரு ஃபோன் எடுத்திரிந்தாச் சொல்லியிருப்பன்.”

ஏறாமல் இருந்திருக்கலாம். இவ்வளவு லேசான வழி எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஏனென்றால் எனக்கு ஏற வேண்டும். சீற் அழுக்காக இருந்தது கண்ணை உறுத்தியது. சட்டம் பார்த்தது பாதி, ஊத்தை பார்த்தது பாதி. ரப்பே, உனக்குத் தெரியும். மார்க்கத்தைச் சாட்டி என்ட ஆசைய முடிச்சிட்டன்.

09.03.2025 ஞாயிறு

அவருடைய அத்தர்ப் போத்தல் அலுமாரியில் கிடந்தது. றிபாவிடம் கொடுத்து மாமியிடம் அனுப்பினேன். மாமி இருப்பது இரண்டு தெரு தள்ளி, தன் மகள், என் மதினி நதீராவின் வீட்டில். கொஞ்ச நேரத்தில் போத்தலோடு திரும்பி வந்தாள்.

“என்ன சொன்னா?”

றிபா போத்தலை என் கையில் வைத்தாள். பிறகு சொன்னாள். “அத்தர் கடையிலயும் இரிக்கி புள்ள, அவன்ட வேர்வ எங்க இரிக்கி எண்டு கேட்டா.”

14.03.2025 வெள்ளி

வரவில்லை.

21.03.2025 வெள்ளி

வரவில்லை. அலுமாரியில் அவருடைய உடுப்புகளை எடுத்து முகர்ந்து பார்த்தேன். எல்லாம் தோய்த்து மடித்தவை. ஒவ்வொன்றும் சவர்க்காரம்தான். ஜனாஸாவை அடக்கிய மறுநாளே தோய்த்துப் போட்டிருக்கிறேன். வீடு துப்புரவு என்று ஊரில் எல்லோரும் என்னைப் புகழ்வார்கள்.

31.03.2025 திங்கள்

பெருநாள். மாமி வரவில்லை. நதீராவின் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. மாமி அனுப்பியதா, நதீரா அனுப்பியதா? கொண்டுவந்த பிள்ளையிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

போய்க் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கலாம். இத்தா. இரண்டு தெரு. எந்தச் சட்டத்தை அவ்வளவு இறுக்கிப் பிடித்தேனோ, அது என்னையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. ஃபோன் எடுத்தால் மாமிக்குக் காது சரியாகக் கேட்காது. இதைக் கத்தியா சொல்வது?

20.04.2025 ஞாயிறு

பெருநாளிலிருந்து காரைத் தொடவில்லை. அதைப் பார்த்தாலே அந்தக் கை சீற்றைத் தடவினது ஞாபகம். இன்று றிபா சண்டை பிடித்தாள்.

“வாப்பும்மா வாறல்ல எண்டு காரையும் சாக உடப் போறீங்களா? அத நீங்க தண்டன எண்டு நெனைக்கிறீங்க. காருக்குத் தெரியுமா?”

வாய்க்காரி. வாப்பா மாதிரியே.

ஸ்டார்ட் பண்ணினேன். இரண்டாம் முயற்சியில் பிடித்தது. ஆனால் கை பிறேக் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. நிறுத்தி வைக்கிற வண்டிக்குக் கை பிறேக் போடக் கூடாதாம், சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதுமாம். பிரசாந் சொன்னபடி முன்னும் பின்னும் மெல்ல உசுப்பினேன். டக்கென்று விட்டது. வளவுக்குள் ஒரு முழம் முன்னே போய் ஒரு முழம் பின்னே வந்தேன். லைசன் எடுத்துப் பத்து வருடம், ஓட்ட அவர் இருந்ததால் நான் ஒரு நாளும் ஓட்டியதில்லை. சந்தோஷம் வரவில்லை. பரவாயில்லை, வேலை நடந்தது.

17.05.2025 சனி

இத்தா முடிந்தது. குளித்துத் தொழுதுவிட்டு நடந்தே போனேன்.

மாமி குசினிப் படியில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நான் ஸலாம் சொன்னேன். பதில் சொன்னார், தலை தூக்கவில்லை. கீழே குந்தி நானும் ஒரு கொத்தை எடுத்து உருவினேன். என்னென்னவோ ஆயத்தம் பண்ணிக்கொண்டு போனேன், எல்லாம் மறந்துபோனது.

“மாமி, இத்தா எண்டு சொன்னன். அது முழுக்க உண்மையில்ல. எனக்கு அந்த சீற் துப்புரவா இரிக்கணும் போல இரிந்த. உங்கள நெனைக்கவே இல்ல.”

கையிலிருந்த கொத்தை உருவிக்கொண்டிருந்தார். கொத்து முடிந்தது.

“நெனைக்கல்ல எண்டு எனக்குத் தெரியும்கா. நெனைச்சிட்டுச் செஞ்சிரிந்தாத்தான் நான் இந்தப் படிக்கு ஒன்ன ஏத்தியிருக்க மாட்டன்.” பிறகு, “காம்பையெல்லாம் போடுறாய். இலைய மட்டும் போடு.”

புறப்படும்போது போய் வருகிறேன் என்றேன். தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார், அது எனக்கு லேசாகிவிடும்.

10.06.2025 செவ்வாய்

காலையில் நதீரா ஃபோன் எடுத்தாள். மாமிக்குச் சீனி வருத்தம், காலில் புண். இன்று கல்முனைக்குக் கிளினிக் போக வேண்டும், சொல்லி வைத்த ஆட்டோ வரவில்லை.

“ஒங்கட கார் ஓடுமா மதினி?”

கார் ஓடும். நான்?

போனேன். மாமி பின் கதவைத் திறந்து பின்னால் ஏறினார். முன் சீற்றைப் பார்க்கவே இல்லை. றிபா முன்னால் இருந்தாள். கல்முனைச் சந்தியில் நடுவிலே கார் நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ், ஹோன் மேல் ஹோன். சோக்கை இழுப்பதா தள்ளுவதா என்றே மறந்துவிட்டது.

பின்னாலிருந்து மாமி: “அடிக்கட்டும். அவசரமெண்டா எறங்கித் தள்ளச் சொல்லு அவன.”

றிபா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சாவியைத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது.

03.07.2025 வியாழன்

மறுபடி கிளினிக். றிபாவுக்கு வகுப்பு, அதனால் நானும் மாமியும் மட்டும்.

மாமி பின் கதவுப் பிடியில் கை வைத்தார். கையை எடுத்தார். பிறகு சுற்றி வந்து முன்னால் ஏறினார். நான் கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாய்ந்தமருதைத் தாண்டினோம். பிறகு தன் பக்கக் கண்ணாடியைத் தானே சுற்றிச் சுற்றி இறக்கினார். முழுக்க இறக்கினார். வெற்றிலை துப்ப வேண்டுமாம்.

போகும்போது பஸ்ஸை முந்தாதே என்றார். வரும்போது சைக்கிள்காரனே முந்துகிறான், நீ என்ன ஜனாஸாவா கொண்டுபோகிறாய் என்றார். சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவரை இறக்கி விட்டு வீட்டுக்கு வந்து, வழமைபோலத் தூசு தட்டினேன். இடது கதவின் உட்பக்கம், கைப்பிடிக்குக் கீழே, விரலால் இழுத்துவிட்ட சுண்ணாம்பு. வெற்றிலை மடித்த விரலை அங்கேயே துடைத்திருக்கிறார்.

துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுபோனேன். கதவைத் திறந்து குனிந்தேன். சுண்ணாம்பைத் தொடாமல் கதவைச் சாத்தினேன்.

துணியைக் கொடியில் காயப் போட்டுவிட்டுத் தொழப் போனேன்.