உப்பு மரவை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. குத்துக்கல்வலசையில் என் சமையலறை வரைக்கும் அந்த ஈரம் வந்திருக்கிறது. இன்று காலை உப்பு மரவையை எடுத்தபோது கை நனைந்தது. உள்ளே ஒரு கல் உப்புகூட இல்லை. மரத்தில் ஊறியது வியர்க்கிறது.

இது என்னிடம் இருப்பதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

பழைய மரப்பாத்திரம் சேர்க்கிற பித்து நமக்கு. பழைய வீடு இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், இரண்டு பேரும் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவோம். கையால் கடைந்த மரவை கிடைத்தால், முதலில் பார்த்தவளுக்குத்தான். அதில் நமக்குள் பேச்சே கிடையாது. சுரண்டை வீட்டு அடுப்பங்கரையில் இதை முதலில் பார்த்தது நீ. பலாமரம், விளிம்பில் இரண்டு வரி, உள்ளே கல் உப்பு.

"இன்னைக்கு வெள்ளிக்கெழம. உப்புப் பாத்திரத்தக் காலி பண்ணித் தர மாட்டேன். ஞாயித்துக்கெழம வாங்க" என்றாள் வீட்டுக்காரி.

நீ சரி என்றாய். எனக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமையே தனியாகப் போய், நீ அனுப்பியதாகச் சொல்லி வாங்கி வந்துவிட்டேன். மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். நீ தனியாகவே சுரண்டைக்குப் போய்விட்டு வந்தாய்.

"வேற யாரோ கொண்டு போயிட்டாவளாம்ட்டி" என்றாய். வீட்டுக்காரி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று மூச்சு விட்டேன்.

உப்புப் போகட்டும் என்று சோப்புப் போட்டுக் கழுவி மொட்டைமாடியில் காயவைத்தேன். விரிசல் விட்டது. அப்படிச் செய்யக் கூடாது என்று உனக்குத் தெரிந்திருக்கும். உன்னிடம் எந்த முகத்தோடு கேட்பேன்? நீ வரும்போதெல்லாம் அதை அரிசி டிரம்முக்குள் ஒளித்தேன். ஒருநாள் நீயே அரிசி எடுக்கப் போக, நான் பாய்ந்து வந்து மூடியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்ட்டி இப்பிடிப் பதறுத?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கூடத்துக்குப் போய்விட்டாய்.

போன வாரம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அந்தச் சுரண்டை வீட்டுக்காரியைப் பார்த்தேன். நீ போய்ச் சேர்ந்ததைச் சொன்னேன்.

"அய்யோ, நல்ல மனுசி. அந்த ஞாயித்துக்கெழம வந்து நின்னாவ. நீங்க மொத நாளே வாங்கிட்டுப் போனதச் சொன்னேன். 'ஆமா, நாந்தான் அனுப்புனேன், மறந்து போச்சு'ன்னாவ. தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போயிட்டாவ."

என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

வெட்கமாக இருக்கிறது. உன் மேல் கோபமும் வருகிறது. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் நீ வாசலோடு நின்றுவிடுவாய். "நீ உள்ள போய்ப் பாருட்டி, நான் இங்கன நிக்கேன்" என்பாய். உனக்கு மூட்டுவலி என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் நானே முதலில் பார்த்தேன், நானே எடுத்துக்கொண்டேன். இப்போது அலமாரியைத் திறந்து எந்த மரவையைக் கையில் எடுத்தாலும், நீ வாசலில் நிற்கிறாய்.